பீன்யாவில் பச்சைத் தொப்பி

பெங்களூருக்கு நான் போனது தலைமைப் பண்பு கற்றுக்கொண்டு வர. நான் வேலை பார்த்த நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அதன் தானியக் கிடங்கு ஒன்றுக்கு நான் மேலாளராகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். ஐந்து நாள் பயிற்சிக்கு ஓர் அதிகாரியை அனுப்பும்படி தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும், யார் இல்லாவிட்டால் வேலை நிற்காது என்று எங்கள் மண்டல மேலாளர் யோசித்திருக்கிறார். அதிக நேரம் யோசிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் மாதம் அது. திங்கட்கிழமை காலை பெங்களூரில் இறங்கி வாயைத் திறந்தால் புகை வந்தது. எங்கள் ஊரில் புகை வந்தால் கிடங்கைத்தான் ஓடிப் பார்ப்போம். ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. கைக்குட்டையைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறினேன். பலகையில் இருந்தது கன்னடம், எண்கள் உட்பட. அதனால் கண்டக்டரிடம் இடத்தைச் சொல்லி, வந்ததும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் நல்ல மனிதர். ஒரு நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "இல்லி, இல்லி!" என்றார். சரி, இது இல்லை போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இன்னும் சத்தமாக, "மேடம், இல்லி!" என்றார். நானும் இன்னும் பலமாகத் தலையாட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது.

'இல்லி' என்றால் 'இங்கே' என்று எனக்குச் சொன்னவர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்காரர். கடைசி நிறுத்தத்தில் பெட்டியோடு இறங்கி, ஒரு பக்கம் கறிக்கடை, மறுபக்கம் துணிக்கடை, நடுவில் பஸ்களுக்கும் மனிதர்களுக்கும் நான் இடைஞ்சலாக நின்றிருந்தேன். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் வழி கேட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"டென்ஷன் நக்கோ மேடம், வேணாம். ஆட்டோ புடிச்சிக்குங்க. மீட்டர் போடலன்னா எறங்கிடுங்க. போட்டாலும் பாத்துக்கினே போங்க."

பார்த்துக்கொண்டேதான் போனேன். மீட்டர் ஓடிய வேகத்துக்கு ஆட்டோ ஓடவில்லை. பயிற்சி நிலையத்துக்குள் நான் நுழைந்தபோது பதினேழு அதிகாரிகள் வட்டமாக உட்கார்ந்து விலங்குகள் வரைந்துகொண்டிருந்தார்கள்.

வரையச் சொன்னவர் பேராசிரியர் குல்கர்னி. தலைவராக உங்களை எந்த விலங்காக நினைக்கிறீர்கள் என்பது கேள்வி. எல்லோரும் பல மாநிலங்களின் அரசு நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், தமிழில் நான் சொல்லிக்கொண்டு போகிறேன். பக்கத்து நாற்காலியில் பீகாரிலிருந்து வந்த மிஸ்ரா. இருபத்தாறு வருட சர்வீஸ், எங்களில் மூத்தவர். அவர் தாள் வெள்ளையாக இருந்தது.

"நீங்கள் வரையவில்லையா?" என்றார் பேராசிரியர்.

"எந்த விலங்கு என்பதை மேலிடம் முடிவு செய்யட்டும் சார்."

நான் யானை வரைந்தேன். எல்லோரும் அதை நெல் மூட்டை என்று நினைத்து, தொழில்பக்தி என்று பாராட்டினார்கள்.

மதியம் சாப்பாட்டில் சாம்பார் இனித்தது. ஏதோ பாயசக் கரண்டியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று இரண்டாம் முறை வாங்கிப் பார்த்தேன். அதுவும் இனித்தது. பரிமாறியவர் விடாமல் ஊற்றிக்கொண்டே போக, எதிரே இருந்த உள்ளூர் அதிகாரி கையை மறித்து, "சாக்கு, சாக்கு!" என்றார். கிடங்குக்காரியின் அனிச்சை. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், எந்தச் சாக்கு, எங்கே சரிகிறது என்று. 'போதும்' என்பதற்குக் கன்னடம் அது. அந்த ஐந்து நாளில் நான் கற்றுக்கொண்ட இரண்டாவது சொல் அது, சாம்பார் வரும்போதெல்லாம் பயன்பட்டது.

பயிற்சிக்கு வந்த பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி கேரளத்திலிருந்து வந்த லீலா. எங்களுக்கு ஒரே அறை. அவள் மலையாளம் பேசினால் எனக்கு முக்கால்வாசி புரியும், நான் தமிழ் பேசினால் அவளுக்கு முழுக்கப் புரியும். அந்தக் கால்வாசியில்தான் அவள் என்னைக் கிண்டல் செய்கிறாளோ என்று சந்தேகம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் ஒரு பச்சைத் தொப்பியைக் கொண்டுவந்தார். நெற்றியில் 'லீடர்' என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது. தினமும் சீட்டுக் குலுக்குவார்கள், பெயர் வந்தவர் அன்று முழுவதும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும், அன்று அவர் முடிவுதான் முடிவு. முதல் சீட்டில் மிஸ்ரா பெயர் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் யாரோ அவர் மேல் விசாரணை வைத்துவிட்டது போல இருந்தது.

எங்கள் கண்களையெல்லாம் துணியால் கட்டினார்கள். தோளில் கைபோட்டு ரயில் மாதிரி நின்றோம். தலைவர் குரலாலேயே வழிசொல்லி எங்களைத் தோட்டத்தின் மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் பாதை பிரியும் இடத்தில் மிஸ்ரா நின்றுவிட்டார். இடமா வலமா என்று ஆராய மூவர் குழு ஒன்றை அமைத்தார். மூவரும் கண் கட்டியிருந்தவர்கள். குழு ஒருமனதாக நேராகப் போகலாம் என்றது. போனோம். சிறிது நேரத்தில் கண்கட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் கண்ணீர் வழிந்தது. கட்டை அவிழ்த்தால் சமையலறை. மூன்று பேர் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள்.

"குழு முடிவு," என்றார் மிஸ்ரா. "என் முடிவு அல்ல."

அன்று சாயங்காலம் லீலாவும் நானும் வெளியே போய் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் தட்டு இட்லி சாப்பிட்டோம். உண்மையிலேயே தட்டளவு. எங்கள் ஊரில் ஒரு பெண் நின்றுகொண்டு சாப்பிட்டால் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள் என்று முடிவு கட்டுவார்கள். இங்கே பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருவர் நின்றபடி உப்புமா மாதிரி காராபாத்தும் இனிப்புக் கேசரிபாத்தும் மாறி மாறிச் சாப்பிட்டார், அவசரமே இல்லாமல். பிறகு 'ஒன் பை டூ' காபி. ஒன்றைச் சொல்லி இரண்டாகக் கேட்பதற்கு இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. விழுப்புரத்தில் கேட்டிருந்தால் ஓட்டல்காரர் என் அப்பா பெயரைக் கேட்டிருப்பார்.

புதன்கிழமை சீட்டில் என் பெயர் வந்தது.

அன்றைக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பெரிய ஆலையைப் போய்ப் பார்ப்பது திட்டம். பேராசிரியர் காரில் முன்னாலேயே போய்விட்டார். நாங்கள் பதினெட்டுப் பேரும் வெள்ளை வேனில். டிரைவர் முனிரத்தினம் சிவாஜிநகர் பக்கத்துத் தமிழர், ஐம்பது வயது இருக்கும். ஸ்டியரிங்குக்கு மேலே சின்ன புத்தர் சிலை ஒட்டியிருந்தது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்தே நாங்க புத்தருதான் மேடம். ஆனா இந்த டிராபிக்ல அவரே கண்ண மூடிக்கினுதான் இருக்காரு பாருங்க," என்றார்.

முன்சீட்டில் தொப்பியோடு நான். முகவரித் தாள் என் கையில். அங்கே பகுதிக்கு ஃபேஸ் என்றும் குறுக்குத் தெருவுக்கு கிராஸ் என்றும் பெயர். "மூணாவது ஃபேஸ், நாலாவது கிராஸ்," என்று படித்தேன். அவர் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எங்கோ ஒரு லாரியைத் தாண்டும்போது அது அவர் வாய்க்குள் புரண்டுவிட்டது. நாலாவது ஃபேஸ், மூணாவது கிராஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு எல்லா ஆலைக் கேட்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. காவலாளி பச்சைத் தொப்பியைப் பார்த்தார், கையில் ஃபைல்களோடு இறங்கும் அதிகாரிகளைப் பார்த்தார், விறைப்பாக சல்யூட் வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

ஓடிவந்தவர் முதலாளி மல்லப்பா. கட்டையான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. முனிரத்தினம் பேசிய தமிழைக் கேட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தார். "வாங்க, வாங்க, கூத்கொள்ளி!" என்று உட்கார நாற்காலிகளைத் தள்ளினார். ஐந்து நிமிடத்தில் சூடாகப் பாதாம் பால் வந்தது, மிளகாய் பஜ்ஜி வந்தது. பெரிய ஆலை என்றார்களே, இது சுவிட்ச் செய்யும் சின்ன இடமாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பஜ்ஜி நன்றாக இருந்ததால் மேலே யோசிக்கவில்லை. மிஸ்ரா நாலாவது பஜ்ஜியில் இருந்தார்.

எனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. பீன்யா வரைக்கும் சாலை குலுக்கிய குலுக்கல் அப்படி. மல்லப்பாவிடம் கேட்டேன். தன் அறைக்குள் இருந்ததைத் தானே சாவி போட்டுத் திறந்துவிட்டார். வெளியே வரும்போது நடைவழியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நீலக் கோட்டு, நாற்பது வயது, கையில் ஒரு கூடை சுவிட்ச்.

"மேடம் தமிழா?"

"ஆமாம்மா. விழுப்புரம்."

"நான் செஞ்சிப் பக்கம். அஞ்சலைன்னு பேரு." சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "லேபர் ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்சனுக்கு வந்துக்கிறீங்கன்னு உள்ள பேசிக்கிறாங்களே, நெஜமாம்மா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"எங்க கக்கூஸப் பாத்துட்டுப் போங்கம்மா. கதவத் தொறந்தா அட்டப்பெட்டிதான் இருக்கும். நாப்பது பொம்பளைங்க கீறோம். வேலி ஓரம்தான் போறது. அதுக்குப் பயந்துகினு காலைலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல. நான் சொன்னன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வேல பூடும்."

நான் முதலாளியின் தனிக் கழிப்பறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

திரும்பிப் போய் எல்லோரையும் ஒரு மூலையில் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது.

"ஆள்மாறாட்டம்," என்றார் மிஸ்ரா. வாயில் மிச்சம் இருந்ததைச் சட்டப்படி விழுங்கலாமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது போல இருந்தது. "சஸ்பென்ஷன். பதினெட்டுப் பேருக்கும். உடனே வேனில் ஏறுவோம்."

"ஒரு துணைக்குழு போடலாம்," என்றார் இன்னொருவர்.

"அந்தப் பெண்கள்?" என்றாள் லீலா.

மெதுவாக எல்லோருடைய பார்வையும் என் நெற்றிக்கு வந்தது. உண்மையை முதலில் சொன்னால் அந்தக் கதவு திறக்காது. பொய் சொன்னால் மிஸ்ரா சொன்னதுதான் நடக்கும். பொய்யும் இல்லாமல் கதவும் திறக்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்தது.

"ஐயா," என்றேன் மல்லப்பாவிடம், "பெண்கள் கழிப்பறையை நான் பார்க்கலாமா?"

யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய கேள்விதான். அவருக்கு வியர்த்துவிட்டது.

கதவைத் திறந்தால் கூரைவரை அட்டைப்பெட்டிகள். "வைக்க வேற எடம் இல்லீங்க மேடம், எங்க போடறது?" என்றார். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தலைமைப் பண்பு எனக்குத் தெரியாது, அடுக்கத் தெரியும். மாடிப்படிக்குக் கீழே அகலமாக ஓர் இடம் வீணாகக் கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். முதல் வரிசையை நீளவாக்கில், அடுத்ததைக் குறுக்கே, சுவரைத் தொடாமல் ஒரு சாண் விட்டு அடுக்கினால் எல்லாம் அங்கேயே நிற்கும் என்றேன். அவர் நம்பவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு நானே முதல் பெட்டியைத் தூக்கினேன். லீலா இரண்டாவதைத் தூக்கினாள். அதன்பிறகு அதிகாரிகள் சும்மா நிற்க முடியவில்லை. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பெட்டிகள் போயின. மிஸ்ரா மட்டும் ஒவ்வொரு பெட்டியையும் வாங்குவதற்கு முன்னால் பொறுப்பு யாருடையது என்று கொடுத்தவர் முகத்தை ஒரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டார். முக்கால் மணி நேரத்தில் கழிப்பறை காலியானது. தண்ணீர் வந்தது. அஞ்சலையும் இன்னும் இரண்டு பேரும் துடைப்பத்தோடு உள்ளே போய்ப் பளபளவென்று கழுவிவிட்டார்கள்.

இனி தள்ளிப்போட முடியாது. மல்லப்பாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"ஐயா, நாங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வரலை. எங்களுக்கு அந்த அதிகாரமே இல்லை. பயிற்சிக்கு வந்தவங்க. கிராஸ் மாறி வந்துட்டோம். மன்னிச்சுக்குங்க."

அவர் முகம் மிளகாய் பஜ்ஜிக்குள் இருக்கும் மிளகாயாகிவிட்டது. "அப்ப என் பாதாம் பால்? பஜ்ஜி? சல்யூட்? எல்லாம் ட்ரெய்னிங்கா?" என்று கத்தினார். "கக்கூஸ் மேட்டர யார் உங்களுக்குச் சொன்னது? எவ அவ?"

"யாரும் சொல்லலை. வேன்ல குலுங்கி வந்தவளுக்கு முதல்ல என்ன நினைப்பு வரும்? எனக்கு ஒண்ணு திறந்தீங்க. மத்தவங்களுக்கு எங்கேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவர் காவலாளியைப் பார்த்து, "பூட்டு போடப்பா!" என்றார்.

காவலாளி பூட்டோடு போனார். ஆனால் கழிப்பறைக்கு முன்னால் அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். நாற்பது பேர், காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தியும் நகரவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போய் வரிசையின் கடைசியில் நின்றேன், தொப்பியோடு. லீலா வந்து என் பின்னால் நின்றாள். சில நொடிகளில் எங்களுக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றதை உணர்ந்தேன். திரும்பினால் மிஸ்ரா. கையில் பேனா திறந்தபடி.

"வருகைப் பதிவேடு முன்னாலா இருக்கிறது?" என்று கேட்டார்.

முதலில் சிரித்தது அஞ்சலை. பிறகு வரிசை முழுக்க. மிஸ்ராவுக்கு லீலா காதில் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரே தாவலில் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டார். மல்லப்பா வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. நாலு பேனாவும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக் களைத்தவரால் மறுபடி கோபப்பட முடியவில்லை போலிருக்கிறது. காவலாளி கையிலிருந்த பூட்டையும் சாவியையும் வாங்கி, வரிசையில் முன்னால் நின்ற அஞ்சலையிடம் கொடுத்தார்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. அடுக்கி வெச்சதும் ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்குது." என்னிடம் திரும்பி, "மேடம், அந்தத் தொப்பியக் கழட்டிடுங்க. அதுதான் என்ன ஏமாத்திச்சு," என்றார்.

பெரிய ஆலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரத் தாமதம். பேராசிரியர் கேட்டுக்கு வெளியே நடந்து நடந்து ஒரு பாதையே போட்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வியாழக்கிழமை முழுவதும் அவர் அதைக் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் என் தலைமை விழுகிறது என்று தேடினார். ஒன்றிலும் விழவில்லை. கடைசியில் ஐந்தாவதாக ஒரு சின்னக் கட்டம் வரைந்து, அதற்குள் கேள்விக்குறி போட்டார். எனக்குப் போட்ட மதிப்பெண் 'திருப்திகரம்'. மிஸ்ராவுக்கு 'மிக நன்று'. வெங்காயக் குழுவை அவர் எழுத்தில் அவ்வளவு அழகாக விளக்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில், பச்சைத் தொப்பி மேடத்துக்குப் பீன்யாவிலிருந்து ஃபோன் என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மல்லப்பா புகார் கொடுத்துவிட்டாரா? அஞ்சலையை வேலையிலிருந்து அனுப்பிவிட்டாரா? மிஸ்ரா பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார்.

"பயப்படாதீர்கள். சஸ்பென்ஷன் ஃபோனில் வராது. எழுத்தில்தான் வரும்."

ரிசீவரை எடுத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம். மல்லப்பா மூச்சு வாங்கினார்.

"மேடம், நேத்து மூணு பேர் வந்தாங்க. லேபர் ஆபீஸ், இன்ஸ்பெக்ஷன்னாங்க. நான் சிரிச்சிட்டேன். 'இன்னிக்கு யாருக்குத் தொப்பி?'ன்னு கேட்டேன். பாதாம் பால் கிடையாது, பஜ்ஜி கிடையாது, உங்க வாத்தியார் மூணாவது ஃபேஸ்ல காத்துக்கிட்டிருப்பாரு, ஓடுங்கன்னு வழி காட்டி அனுப்பிட்டேன்."

"ஐயோ."

"நிஜ ஆளுங்க மேடம்! அரை மணி கழிச்சித் திரும்பி வந்தாங்க. என்ன கோவம், என்ன கோவம்! மூணு பக்கம் எழுதிட்டாங்க. ஒயர் சரியில்ல, ஜன்னல் சரியில்ல, தீ அணைக்கிற வாளில மண்ணு இல்லன்னு. ஒரே ஒரு எடத்துலதான் எழுத ஒண்ணும் கெடைக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அஞ்சலை எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க! வந்தவங்கள்ல ஒரு ஆபீசரம்மா. பாத்ரூம் போவணும்னாங்க. என் ரூம் சாவிய எடுத்துக் குடுக்கறதுக்குள்ள அஞ்சலைகிட்ட போய் நின்னுட்டாங்க. இது அவங்கள ஏற எறங்கப் பாத்துட்டு, 'வரிசைல வாங்கம்மா'ன்னுடுச்சி."